ரீஃபண்ட் தர மறுக்கிறார்களா? தேனியிலேயே வழக்குப் போடலாம்!

கம்பத்தில் இருக்கும் ஒருவர் ஆன்லைனில் மிக்ஸி வாங்குகிறார். பிரித்துப் போட்டால் மோட்டார் ஓடவில்லை. ‘நீங்க யூஸ் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது’ என்று கஸ்டமர் கேர் கையை விரிக்கிறது. ‘பெங்களூரு கம்பெனிகூட யாரு மல்லுக்கட்டுறது?’ என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை.

ஏன்?

2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கம்பெனி எங்கே இருந்தாலும், கம்பம், போடிக்காரர்களுக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும்.

என்ன செய்யணும்?

* முதலில், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ‘புகார் கிடைத்தது’ என்று பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

* நகரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

* அதற்கு ஆணையம்தான் வழி. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் மொபைலிலேயே மனு தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

பில், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, பழுதான பொருளைத் தூக்கிப் போடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்.