70 ரூபாய் ரேடியோவும் ஒரு சின்னக் கணக்கும்

"ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும்!" என்ற பொருளில் 1941-ம் ஆண்டு ஒரு அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் கோவை ஜி. டி. நாயுடு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர். ரேடியோ அப்போது பணக்காரர் வீட்டுப் பொருள்.

விலை கூடவோ குறையவோ இருக்கட்டும். வானில் கலந்து வரும் நிலையங்களில் வேண்டியதை மட்டும் ரேடியோ பிரித்துத் தர வேண்டும்.

திருச்சி வானொலி 1939-ல் பிறந்தது. கோவை வானொலி 1966-ல் வந்தது. பிற்காலத்தில் திருச்சிக்கு 936, கோவைக்கு 999 என்று எண்கள் அமைந்தன. திருச்சி அலை ஒரு விநாடிக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் தடவை அதிரும் என்று பொருள். இரண்டும் ஈரோட்டு வீட்டின் ஏரியல் கம்பியில் ஒன்றாகத்தான் வந்து சேரும். பிரிப்பது யார்?

சுருளும் கண்டென்சரும்

ரேடியோவுக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கண்டென்சரும் உண்டு. அதிர்வு கூடினால் சுருளின் தடை கூடும். கண்டென்சரின் தடை குறையும். இரண்டும் கயிறு இழுக்கும் போட்டிக்காரர்கள் மாதிரி. எதிர் எதிராக இழுப்பவர்கள்!

936-ல் சுருளுக்கு 1,000 ஓம், கண்டென்சருக்கும் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கழிந்து போகும். மிச்சம், கம்பியின் சொந்தத் தடை 10 ஓம் மட்டுமே. திருச்சிக்கு வழி திறந்துவிட்டது.

அதே நேரம் கோவை அலைக்கு? 999-ல் சுருள் 1,067, கண்டென்சர் 937. வித்தியாசம் 130. இதோடு அந்தப் பத்தை நேராகக் கூட்டக் கூடாது. 130-ஐ 130-ஆல் பெருக்கி, 10-ஐ 10-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். விடை சுமார் 130 ஓம். இந்த மொத்தத் தடைக்குத்தான் 'இம்பீடன்ஸ்' என்று பெயர். திருச்சிக்கு 10, கோவைக்கு 130. பதின்மூன்று மடங்கு!

மட்டமான சுருளைப் போட்டு, அந்தப் பத்து ஐம்பதானால்? திருச்சிக்கு 50, கோவைக்கு 139. மூன்று மடங்குகூட இல்லை. அப்பா செய்தி கேட்கும்போது நடுவே வேறு நிலையத்தின் பாட்டு நுழையும். மலிவு ரேடியோ செய்பவர் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

குமிழைத் திருகினால் கண்டென்சரின் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அதன் தடை கூடும். 999-ல் சுருளும் கண்டென்சரும் சமமாகும்போது கோவை பேசும், திருச்சி ஓயும்.