கடற்கரையில் ஸ்பானிஷ் பேசுவோமா?



மணப்பாடு பக்கம் ஓலைக்கூடை முடையும் நம் உறுப்பினர் ஒருவர் போன டிசம்பரில் கடற்கரைக்கு விற்கப் போனார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி விலை கேட்டார்கள். அக்கா இருநூறு ரூபாய்த் தாளைக் காட்டி, இரண்டு விரலையும் நீட்டினார். ஒரு கூடை 200 என்று அர்த்தம். அவர்களோ 200 ரூபாய்க்கு இரண்டு கூடை என்று நினைத்து, பணத்தைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு இரண்டையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஓலையும் சாயமும் வாங்கியது உள்கடனில். அந்த மாதம் தவணை கட்ட அக்கா திண்டாடிப் போனார்.

"அவங்க ஏமாத்தல மேடம். அவங்க பாசை எனக்குத் தெரியல, என் விரலு அவங்களுக்குத் தெரியல" என்றார். வந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள் என்று கார் டிரைவர் பிறகு சொன்னாராம்.

ஸ்பெயின் மட்டுமில்லை, மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளில் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். நாலு வார்த்தை தெரிந்தால் நஷ்டமில்லையே!

முதலில் 'ஓலா'. வணக்கம் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால் கடல் அலைக்கும் 'ஓலா'தான். எழுத்து கொஞ்சம் மாறும், சத்தம் ஒன்றே. ஓலைக்கூடை விற்கிற நமக்கு இது மறக்குமா? கடற்கரை 'ப்ளாயா', கடல் 'மார்', மணல் 'அரேனா', வெயில் 'சோல்', தண்ணீர் 'ஆகுவா'. தொப்பி 'சொம்ப்ரேரோ'. நிழலுக்கு அவர்கள் சொல்லும் 'சொம்ப்ரா'விலிருந்து வந்த பேர். கூடை 'செஸ்தா'.

'குவாந்தோ குவெஸ்தா?' என்று கேட்டால் என்ன விலை என்று கேட்கிறார்கள். ஒன்று 'ஊனோ', இரண்டு 'தோஸ்' (தோசையை நினைச்சுக்கோங்க), மூன்று 'த்ரேஸ்'. முக்கியமானது 'காதா ஊனா': ஒவ்வொரு கூடைக்கும் இந்த விலை என்று அர்த்தம். அக்காவுக்கு அன்று தேவைப்பட்டது இந்த ஒரு சொல்தான். நன்றிக்கு 'கிராசியாஸ்'. அலை இழுக்கும் இடத்தில் யாராவது இறங்கினால் 'குயிதாதோ!' என்று கத்துங்க. ஜாக்கிரதை என்று புரிந்துகொள்வார்கள்.

"வெளிநாட்டு பாசை நமக்கு வராது" என்று சொல்லாதீங்க. வீட்டில் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை என்கிறோமே, எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன வார்த்தைகள். போர்த்துக்கீசு மொழி ஸ்பானிஷுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. மேசைக்கு ஸ்பானிஷிலும் 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. ஆனால் ஜன்னல் மட்டும் 'வெந்தானா'!

1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ராவில் பிறந்தவர். தமிழ் தெரியாமல்தான் வந்தார். தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். நமது தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்த அண்ட்ரிக் அடிகளார் போர்த்துக்கீசியர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழிலேயே அச்சானது. அவர்களும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்றுதானே தொடங்கியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வருகிற எல்லாரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள் இல்லை. விலையை அட்டையில் எண்ணாக எழுதிக் கூடையில் கட்டிவிடுவதுதான் முதல் வேலை. 200 என்ற எண் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். 'காதா ஊனா' இன்னும் வாயில் நுழையவில்லையாம். 'ஓலா' மட்டும் சத்தமாகச் சொல்கிறார்.