பணம் கட்டியாச்சு, மெஷின் எங்கே?

சென்ற மாதம் என் சித்தப்பா மகன் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். தேவையான சாப்ட்வேர்களைப் பதிந்து, தமிழ் டைப்பிங்கையும் சரி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, இதை ராத்திரி முழுக்க ஓட விட்டா பிட்காயின் கிடைக்குமாமே?"

"இதில் கிடைக்காது. கரண்ட் பில்தான் ஏறும்" என்றேன்.

"அப்போ அதுக்குன்னே தனி மெஷின் இருக்காம். இப்போ முழுப் பணமும் கட்டினா மூணு மாசத்துல வீட்டுக்கே வந்துடுமாம். கட்டட்டுமா?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்து, 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையை அவனுக்குச் சொன்னேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் அது பயன்படும்.

மைனிங் என்றால் என்ன?

பிட்காயின் என்பது 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய டிஜிட்டல் பணம். இதற்கு வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களே சேர்ந்து எழுதுகின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, அதுவரை நடந்த பரிமாற்றங்கள் ஒரு பக்கமாகத் தொகுக்கப்படும். அந்தப் பக்கத்துக்கு 'பிளாக்' என்று பெயர்.

பக்கத்தை மூடி முத்திரை வைக்க ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. பூட்டுக்கு முன் கோடிக்கணக்கான சாவிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போன்ற வேலை. ஒவ்வொரு முயற்சியையும் ஒரு 'ஹாஷ்' என்கிறார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புதிய பிட்காயின்கள் பரிசு. இதுதான் மைனிங். தொடக்கத்தில் பரிசு 50 காயின்கள். 2012 நவம்பர் 28 அன்று அது 25 ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரல் முதல் 3.125 காயின்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். போட்டியாளர்கள் எத்தனை பேர் வந்தாலும் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற வேகம் மாறக்கூடாது. எனவே 2,016 பிளாக்குகளுக்கு ஒரு முறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதிரின் கடினத்தை நெட்வொர்க் தானாகவே கூட்டியோ குறைத்தோ கொள்ளும். கோயிலில் அண்டாவில் இருக்கும் பொங்கலின் அளவு ஒன்றுதான். வரிசை நீள நீள, ஆளுக்குக் கிடைப்பது ஒரு கரண்டியிலிருந்து ஒரு ஸ்பூனாகிவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

பிராசசர் முதல் ஏசிக் வரை

ஆரம்பத்தில் சாதாரண கம்ப்யூட்டரின் பிராசசரே இதற்குப் போதுமானதாக இருந்தது. 2010-ல் கிராபிக்ஸ் கார்டுகள் களத்தில் இறங்கின. அப்போதைய நல்ல கார்டு ஒன்று வினாடிக்குச் சுமார் 40 கோடி ஹாஷ்களைப் போட்டுப் பார்த்தது. அடுத்து வந்தவை 'ஏசிக்' எனப்படும் சிப்கள். இவற்றில் விண்டோஸ் ஓடாது, படம் பார்க்க முடியாது. ஒரே ஒரு வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அந்த ஒரு வேலையில் இவற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் வர முடியாது.

2012 ஜூன் மாதம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த பட்டர்ஃப்ளை லேப்ஸ் என்ற நிறுவனம் ஏசிக் மைனிங் இயந்திரங்களை அறிவித்து, முன்பதிவைத் தொடங்கியது. விலை 149 டாலரிலிருந்து 29,899 டாலர் வரை. மிகச் சிறியதற்கு 'ஹாலபீனோ' என்று ஒரு மிளகாயின் பெயர். மேசைமேல் வைத்து, அந்தச் சூட்டில் காபி கப்பைக்கூட வைத்துக் கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். டெலிவரி அக்டோபரில்.

முகம் தெரியாத நிறுவனம் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, ஏசிக் அல்லாத வேறு வகை மைனிங் கருவிகளை விற்று அனுப்பியவர்கள். அதனால்தான் மக்கள் நம்பினார்கள்.

அக்டோபர் வந்தது, மெஷின் வரவில்லை

அக்டோபர் போய் நவம்பர் வந்தது. பிறகு புத்தாண்டு வந்தது. 2013 ஜனவரி இறுதியில் ஏசிக் இயந்திரம் ஒன்று முதன்முதலாக ஒரு வாடிக்கையாளர் கைக்குச் சென்றது. ஆனால் அது சீனாவிலிருந்து வந்த 'அவலான்' என்ற போட்டி இயந்திரம்!

பட்டர்ஃப்ளை லேப்ஸின் சிப்கள் தயாராகி வந்தபோது, அறிவித்ததைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் குடித்தன. மின்சாரம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் பவர் சப்ளை, ஃபேன், பெட்டி என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நான் சாப்ட்வேர் எழுதுபவன். எங்கள் வேலையில் பிழை இருந்தால் மறுநாள் ஓர் அப்டேட் அனுப்பிச் சமாளித்து விடுவோம். சிப் விஷயத்தில் அது நடக்காது. தொழிற்சாலையிலிருந்து வந்த சிப்பில் குறை இருந்தால், மறுபடி வடிவமைத்து, மறுபடி தயாரித்து வர மாதக்கணக்கில் ஆகும். எனவே தாமதம் என்பதே மோசடிக்கு அத்தாட்சி ஆகிவிடாது. ஆனால் கையில் சிப்பே இல்லாதபோது டெலிவரி மாதத்தைச் சொல்லிப் பணம் வாங்கியதுதான் இங்கே கேள்வி.

2013 ஏப்ரலில் ஒரு சில இயந்திரங்கள் வெளியே வரத் தொடங்கின. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரிலும் 20,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தனர் என்கிறது அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன். பழைய பாக்கி இப்படி இருக்க, 2013 ஆகஸ்டில் 'மொனார்க்' என்ற புதிய கார்டை 4,680 டாலர் வரை விலை சொல்லி, ஆண்டு இறுதியில் தருவதாக அறிவித்து, அதற்கும் முன்பணம் வாங்கினார்கள்!

சட்டையும் கரும்பும்

தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை டெய்லர் தாமதமாகத் தந்தால் கோபம் வரும். ஆனாலும் அதைப் பொங்கலுக்குப் போட்டுக் கொள்ளலாம். பொங்கலுக்குச் சொல்லி வைத்த கரும்பு மாசி மாதத்தில் வந்தால் என்ன செய்வது? மைனிங் இயந்திரம் சட்டை வகை அல்ல, கரும்பு வகை. எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

வினாடிக்கு 500 கோடி ஹாஷ் போடும் ஒரு சிறிய இயந்திரத்தை எடுத்துக் கொள்வோம். ஹாலபீனோ ஏறக்குறைய இந்த வேகம்தான். பரிசு 25 காயின் என்றே மூன்று தேதிகளுக்கும் வைத்துக் கொள்வோம்.

2012 அக்டோபர்: கடின எண் சுமார் 30 லட்சம். நாளொன்றுக்குக் கிடைக்கக் கூடியது சராசரியாக 0.8 பிட்காயின்.

2013 செப்டம்பர் நடுவில்: கடின எண் 11 கோடியைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்கு 0.022 பிட்காயின்.

2013 டிசம்பர் இறுதி: கடின எண் சுமார் 118 கோடி. நாளொன்றுக்கு 0.002 பிட்காயின்.

அதாவது, சொன்ன தேதியில் வந்திருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கக் கூடியதைப் பெற, 2013 செப்டம்பரில் 37 நாட்கள் ஓட வேண்டும். டிசம்பரில் ஒரு வருடத்துக்கும் மேல் ஓட வேண்டும். இயந்திரம் அதேதான். அதில் ஒரு ஸ்குரூகூடக் கழன்று விழவில்லை. காலண்டர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

"பிட்காயின் விலைதான் ஏறிவிட்டதே, அதில் ஈடு கட்டியிருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலை ஏறியதால் நஷ்டத்தின் ஒரு பகுதி ஈடானது உண்மை. ஆனால் 2012 ஜூனில் ஒரு பிட்காயின் சுமார் 6 டாலர். 149 டாலரை இயந்திரத்துக்குக் கட்டாமல் காயினாகவே வைத்திருந்தால் இருபதுக்கு மேல் கிடைத்திருக்கும். 2013 நவம்பர் இறுதியில் ஒரு காயின் 1,000 டாலரைத் தாண்டியது. ஆர்டர் செய்து காத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சல் இதனால் இன்னும் கூடியது. (விலை ஏறும் என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எனவே இதைக் காயின் வாங்கச் சொல்லும் யோசனையாக எடுத்துக் கொள்ள வேண்டாம்.)

பெட்டிக்குள் யாருடைய வருமானம்?

இந்த வியாபாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாஷிங் மெஷின் விற்பவர் அதைத் தன் கடையில் ஓட்டிப் பணம் சம்பாதிக்க முடியாது. மைனிங் இயந்திரம் விற்பவரால் முடியும். தயாரான இயந்திரத்தைப் பேக் செய்து அனுப்பலாம், அல்லது பிளக்கைச் செருகித் தானே காயின் எடுக்கலாம். காயின் எடுப்பதில் லாபம் அதிகமுள்ள நாட்களில்தான் வாடிக்கையாளருக்கும் அது அவசரமாகத் தேவைப்படும்.

டிரேட் கமிஷன் 2014 செப்டம்பரில் நீதிமன்றத்துக்குச் சென்று, நிறுவனத்தின் செயல்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. தாமதமாக வந்த இயந்திரங்களில் பலவும் அதற்குள் பயனற்றவை ஆகிவிட்டன என்பதும், வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய இயந்திரங்களைக் கொண்டு நிறுவனத்தார் காயின் எடுத்தனர் என்பதும் குற்றச்சாட்டுகளில் அடங்கும். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2016 பிப்ரவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தீர்ப்புத் தொகை சுமார் 3 கோடியே 86 லட்சம் டாலர். ஆனால் கட்டும் சக்தி இல்லை என்பதால் பெரும்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுவனம் கட்ட வேண்டியிருந்தது 15,000 டாலர்!

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் ஹாஷ்ஃபாஸ்ட் 2013 அக்டோபரில் தருவதாகச் சொன்னது. தாமதமாகி, 2014-ல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. டெக்சாஸின் காயின்டெரா 2015 ஜனவரியில் திவாலானது. சுவீடனின் கேஎன்சிமைனர் 2013 அக்டோபரில் அனுப்பத் தொடங்கிப் பெயர் வாங்கியது. அதுவும் 2016 மே மாதம் திவாலானது.

பணம் கட்டும் முன்

மைனிங் மெஷினுக்கு மட்டும் இல்லை, கிராபிக்ஸ் கார்டு, புதிய மொபைல் என எதை முன்பதிவு செய்தாலும் இவற்றைப் பாருங்கள்.

1. பொருள் இன்று கையிருப்பில் உள்ளதா, இனிமேல்தான் செய்யப் போகிறார்களா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் படம் கம்ப்யூட்டரில் வரைந்ததாகவும் இருக்கலாம்.

2. "விரைவில்", "இரண்டு மாதத்தில்" என்பவை தேதிகள் அல்ல. நாள், மாதம், வருடம் எழுத்தில் வேண்டும். தவறினால் பணம் திரும்ப உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும்.

3. கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கும். டெலிவரி தேதி அந்த வரம்பைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். பிட்காயினாக அனுப்பிய பணத்தை எதிராளி மனது வைத்தால் தவிரத் திரும்பப் பெற முடியாது.

4. லாபக் கணக்கு காட்டினால், அது இன்றைய கடின எண்ணை வைத்துப் போட்டதா, பொருள் வந்து சேரும் நாளின் எண்ணை வைத்தா என்று கேளுங்கள். 2024 நவம்பரில் இந்த எண் 100 லட்சம் கோடியைத் தாண்டியது.

5. நம் நாட்டில் 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குள் வராத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்றவை விதிவிலக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் வெப்சைட்டிடமிருந்து பணத்தை வாங்குவது நடைமுறையில் மிகக் கடினம்.

கதையைக் கேட்டு முடித்த தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த வெப்சைட்டுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினான். "சொன்ன தேதியில் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?"

மறுநாள் பதில் வந்தது. சலுகை இன்று இரவோடு முடிகிறது, உடனே ஆர்டர் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அவன் பணம் கட்டவில்லை.