இறுகும் முள்ளந்தண்டு

தசைநாண்கள் என்போடு பொருந்துமிடங்கள் சிறியனவாயினும் பெரும் இழுவிசையைத் தாங்குவன. இவ்விடங்களையும் மூட்டுக்களையும் ஒருங்கே பற்றும் அழற்சி நோய்களுள் ஒன்று முள்ளந்தண்டிறுக்கம்.

அயர்லாந்து மருத்துவர் பேர்ணாட் கொனர், முள்ளென்புகளும் விலாவென்புகளும் ஒன்றாய் இணைந்த என்புக்கூடொன்றைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்தார். என்புகள் இங்ஙனம் ஒன்றுபடுவது எவ்வாறு? திருவென்பும் இடுப்பென்பும் கூடும் மூட்டிலே பெரும்பாலும் அழற்சி தொடங்குகின்றது. அது முதலில் என்பை அரிக்கின்றது. பின்னர் அவ்விடத்திற் புதிய என்பு வளர்கின்றது. இவ்வளர்ச்சி அடுத்தடுத்த முள்ளென்புகளைப் பாலம்போற் பிணைப்பதால், முள்ளந்தண்டு வளையுந் தன்மை இழந்து மூங்கிற்கோல் போலாகின்றது. எச்.எல்.ஏ. பீ27 என்னும் மரபுக்கூற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எனினும் அக்கூறு உடையாருட் பெரும்பாலார் நோயுறுவதில்லை.

இஃது முதுமையில் தொடங்கும் நோயன்று; பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே, பலருக்கு இருபதுகளிலேயே தோன்றுவது. தசை பிசகியதால் வரும் முதுகுநோ ஓய்வினால் தணியும். இதுவோ ஓய்வில் மிகுந்து, உடலசைவில் தணியும். காலையில் அரைமணி நேரத்துக்கு மேலாகவும் முதுகு விறைத்திருக்கும். வைகறையில் எழமாட்டாத மாணவனைச் சோம்பேறி எனக் கடிதல் எளிது. அவன் முதுகுநோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்ததா என வினவுதலே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடன். இணைந்துவிட்ட என்புகளைப் பிரிக்கும் மருந்தில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. அவற்றோடு நாடோறும் செய்யும் உடற்பயிற்சியும் சேரின் முதுகு நிமிர்ந்து நிற்க வழியுண்டு. ஆதலின் காலத்தே வைத்தியரை நாடுதலே அறிவுடைமை.