மருந்து அடிக்க வரும் தம்பிக்கு லைசென்ஸ் இருக்கிறதா?

நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னால் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்குகிறீர்கள். பெட்டிக்கு அடியில் மண்ணால் கோடு கிழித்த மாதிரி ஒரு தடம். தட்டிப் பார்த்தால் மரம் 'பொத பொத' என்கிறது. கரையான்! மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய வீடு என்றால் உத்திரம் வரைக்கும் போயிருக்குமோ என்று வயிற்றைக் கலக்கும். தி.நகர் ஃப்ளாட் என்றால் கிச்சன் சிங்க்கின் கீழே கரப்பான் பட்டாளம். அடையாறில் தரைத்தளம் என்றால் எலி, பெருச்சாளி. யாருக்குத்தான் இல்லை இந்தத் தொல்லை?

உடனே போன். "நாளைக்கே ஆள் அனுப்பறோம் மேடம்!"

மறுநாள் காலையில் கையில் ஸ்ப்ரேயரோடு ஒரு பையன் வந்து நிற்பான். நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எவ்வளவுப்பா ஆகும்?", "நாத்தம் வருமா?", "எத்தனை மாசம் கேரண்டி?" மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதே இல்லை. "தம்பி, இந்த மருந்தைக் கையாள உனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நமது படுக்கை அறைக்குள் வந்து விஷம் தெளிப்பவரிடம் காட்டச் சொல்ல எதுவும் வேண்டாமா?

குன்றத்தூரில் நடந்தது

2024 நவம்பர். சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு அபார்ட்மெண்ட். எலித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் 'பெஸ்ட் கண்ட்ரோல்' நிறுவனத்தைக் கூப்பிட்டது. ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்குள் எலி மருந்தை வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் ஏ.ஸி. போட்டுக்கொண்டு தூங்கினார்கள் என்று செய்திகள் சொல்லின. நாலு பேருக்கும் உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு குழந்தைகளும் பிழைக்கவில்லை. போலீஸ் வழக்குப் போட்டு, நிறுவனத்தைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தது.

வழக்கை கோர்ட் பார்த்துக்கொள்ளும். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு. எலி மருந்து எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சில மருந்துகள், தின்றால்தான் கொல்லும். சில மருந்துகளிலிருந்து வாயு கிளம்பும். ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி, ஈரமும் அமிலமும் பட்டால் பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்குக் காற்றில் இருக்கிற ஈரப்பசையே போதும். நம்ம சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

பாஸ்பீன் காற்றைவிடக் கொஞ்சம் கனமானது. பூண்டு மாதிரி, அழுகின மீன் மாதிரி வாடை வரும் என்பார்கள். தூங்குகிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது? இன்னொன்று: நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏ.ஸி. வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் உள்ளே கிளம்பிய வாயு உள்ளேயேதான். இதற்கென்று தனியாக மாற்று மருந்தும் கிடையாது. டாக்டர்கள் இதயத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு போராட வேண்டியதுதான்.

அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்குகளில் மூட்டைகளுக்குப் புகை போடுகிற சரக்கு. அரசு நிறுவனங்களும், அங்கீகாரம் பெற்ற நிபுணர் மேற்பார்வையில் வேலை செய்யும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும்தான் அதைத் தொடலாம் என்று மத்திய அரசின் கட்டுப்பாடு இருக்கிறது. குழந்தை தூங்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

பட்டம் ஆபீஸில், பம்பு பையன் கையில்

சட்டம் இல்லாமல் இல்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. அதன் கீழ் விதிகள் 1971-ல் வந்தன. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் நடத்த லைசென்ஸ் வேண்டும் என்கிறது விதி. அதற்கு விவசாயப் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். கூடவே மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி. லைசென்ஸ் கொடுப்பது மாநகராட்சி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை, வேளாண்மைத் துறை! கபாலி கோயிலைச் சுற்றி ஒரு சென்ட் நஞ்சை கிடையாது. ஆனாலும் அங்கே கரப்பானுக்கு மருந்து அடிக்க அனுமதி தருவது விவசாய அதிகாரிதான்.

இதில் ஒரு ஓட்டை. பட்டமும் 15 நாள் பயிற்சியும் லைசென்ஸ் வாங்குவதற்கான தகுதி. அது ஆபீஸில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும். உங்கள் வீட்டுக்கு வருகிற பையனுக்கு? 'வேலையாட்களுக்குத் தகுந்த பயிற்சி கொடுக்க வேண்டும்' என்று விதிகளில் ஒரு வரி இருக்கிறது. பரீட்சை, சர்டிபிகேட், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அட்டை எதையும் விதி கேட்கவில்லை. கொடுத்தோம் என்று முதலாளி சொன்னால் கொடுத்ததுதான்.

சில நிறுவனங்கள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புகின்றன. பேசினாலே தெரிந்துவிடும். மருந்தின் பேரைக் கேட்டதும் சொல்லும் பையனும் உண்டு. "கம்பெனி மருந்து மேடம், ஒண்ணும் ஆகாது" என்று சிரிக்கிற பையனும் உண்டு. அந்த இரண்டாவது பையன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவனுக்கு அவ்வளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நாளை, நாளை மறுநாள்...

இந்தச் சட்டம் பிறந்த கதையே ஒத்திப்போட்ட கதைதான். 1958-ல் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து கசிந்து மாவில் கலந்துவிட்டது. அந்த மாவில் செய்த பண்டத்தைச் சாப்பிட்டுக் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைய மெட்ராஸ் மாநிலத்திலும் பாதிப்பு. உடனே விசாரணைக் கமிஷன் போட்டார்கள். சட்டம் வந்தது 1968-ல். அது நடைமுறைக்கு வந்தது 1971-ல். நூறு உயிர் போன பிறகும் பதிமூன்று வருஷம்!

அப்புறமாவது வேகம் வந்ததா? 2008-ல் மாநிலங்களவையில் புதிய பூச்சிமருந்து மசோதா ஒன்று வந்தது. நிறைவேறவில்லை. 2020 மார்ச்சில் இன்னொரு மசோதா. அது நிலைக்குழுவுக்குப் போயிற்று. 2021 டிசம்பரில் குழுவின் அறிக்கை வந்தது. அதற்கப்புறமும் அந்த மசோதா சட்டமாகாமல் வருஷங்கள் ஓடின. நடுவில் 2015-ல், பூச்சிமருந்து விற்கிற கடைக்காரர்கள் அது சம்பந்தமாகப் படித்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வருஷம் டயம். இரண்டு வருஷம் ஆனது. இன்னும் கொஞ்சம் டயம். மறுபடியும் நீட்டிப்பு. பட்டம் இல்லாவிட்டால் 12 வாரப் படிப்பு போதும் என்று தளர்த்தினார்கள். சின்னக் கடைக்காரரின் பிழைப்பும் முக்கியம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும், விஷம் விற்பவர் மூணு மாசம் படிப்பதற்கே இத்தனை தவணையா?

நம்ம ஊர்தான் இப்படி என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் அதிக ஆபத்தான மருந்துகளைத் தெளிக்கிறவர் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தொடக்கூடாது என்பது உட்பட, அந்த விதிகளை 2017 ஜனவரியில் இறுக்கினார்கள். அதே மாதம் ஆட்சி மாறி, புது விதியை ஒரு தவணை, இரண்டு தவணை என்று தள்ளி, கடைசியில் 2018 மே வரை நிறுத்தி வைத்தார்கள். விவசாயத் தொழிலாளர்களின் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்காமல் ஒத்திப்போட்டது சட்டப்படி செல்லாது என்று 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃபெடரல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

அவர்களுக்கு அந்த அக்கறை சும்மா வரவில்லை. 1990-களில் ஒஹையோ, மிசிசிப்பி மாநிலங்களில், லைசென்ஸ் இல்லாத சில ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கு மருந்து அடித்தார்கள். செலவு கம்மி, கரப்பான் பட்டென்று செத்தது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் கூப்பிட்டார்கள். பார்த்தால் அது மீதைல் பாரத்தியான்! பருத்திக் காட்டில் அடிக்கிற மருந்து. வெயில் படாத வீட்டுக்குள் அது லேசில் அழியாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி, சுவர்ப் பலகையைக்கூடப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. நம்ம ஊரில் 'சீப்பா, ஸ்ட்ராங்கா' என்று யாராவது சிபாரிசு செய்தால் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் உடம்பு

நம் வீட்டில் மருந்து அடிப்பது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அவனுக்கு? தினம். கட்டிலுக்கு அடியில் குனிந்து, லாஃப்டுக்குள் தலையை நுழைத்து, அதே புகையைத்தான் அவன் சுவாசிக்கிறான். இந்த வேலைக்கு வருபவர்களைச் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று 1971 விதிகளிலேயே இருக்கிறது. க்ளோரோபைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளோடு புழங்குகிறவர்களுக்கு ரத்தத்தில் 'கோலினெஸ்டெரேஸ்' என்ற என்ஸைமை அளந்து பார்க்க வேண்டும். நரம்புக்கும் தசைக்கும் இடையே நடக்கும் பேச்சை முடித்து வைக்கிற என்ஸைம் அது. அது குறைந்தால் வியர்வை, எச்சில், கண் மங்கல், கை நடுக்கம், தலைவலி. "நேத்து தூக்கமில்லை மேடம்" என்று அந்தப் பையன் சொல்வது தூக்கமின்மையாகவே இருக்கும் என்று நிச்சயமில்லை.

கையுறையும் முகமூடியும் இல்லாமல் வந்தால் "இதெல்லாம் போட்டுக்கிட்டு ஆரம்பிப்பா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவனுக்கு உங்கள் குழந்தையின் தொட்டிலை நகர்த்தி வைக்கத் தோன்றுமா?

போனிலேயே கேளுங்கள்

ஆள் வந்தபிறகு கேட்டால் சங்கடம். போன் பண்ணும்போதே லைசென்ஸ் நகலையும் மருந்தின் பேரையும் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, ஆஸ்துமா உள்ள மாமியாரோ, தவழும் குழந்தையோ இருந்தால் சொல்லுங்கள். மீன் தொட்டியை, பூனையைக்கூடச் சொல்லலாம். நல்ல நிறுவனம் என்றால் அவர்களே இதையெல்லாம் கேட்பார்கள்.

மருந்தை உங்கள் கண் முன்னால், ஒரிஜினல் பாட்டிலிலிருந்து கலக்கச் சொல்லுங்கள். வாட்டர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். லேபிளில் சாய்ந்த சதுரத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் சமையலறைக்கு வேண்டாம்.

கரப்பானுக்கு வீடு முழுக்கத் தெளிக்க வேண்டியதே இல்லை. கீல், இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் போதும். கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளை போட்டு மருந்து இறக்குவார்கள். மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் கிணறு, போர், சம்ப் இருக்குமே... அது எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிவிடுங்கள். அதை ஒட்டித் துளை போடவிடக் கூடாது. எலிக்கு முதல் வைத்தியம், பொந்தை அடைப்பதும் கூண்டு வைப்பதும்தான். மருந்துதான் வேண்டும் என்றால் பூட்டிய பெட்டிக்குள் வைக்கும் புரோமாடியலோன் கட்டி. தவறிப்போய் யாராவது தின்றுவிட்டால் அதற்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்தாவது இருக்கிறது. பொடி, மாத்திரை எதுவும் படுக்கை அறைக்குள் நுழையக் கூடாது.

அடித்த பிறகு எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஏ.ஸி.யைப் போடாமல் ஜன்னலைத் திறந்து ஃபேனைச் சுழல விடுங்கள். குழந்தை தவழும் தரையைத் துடைத்துவிட்டு இறக்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தலை சுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. பழைய ட்யூப் எங்காவது கிடந்து, அதைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால், நன்றாக விளையாடினாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். ஒன்றிரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் அது கல்லீரலைத் தாக்கும். கிளம்பும்போது மருந்துப் பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அது இல்லை என்றால், மருந்து அடித்த பையனின் போன் நம்பராவது இருக்கட்டும்.