பார்சலோனெட்டாவின் ‘குண்டு’

காலை பத்து மணி. நெருப்பில் சுட்ட மத்தி மீன், கொண்டைக்கடலை, தலைக்கறியும் காலும் சேர்த்துக் கொதித்த குழம்பு, பக்கத்திலேயே ஒரு டம்ளர் ஒயின். ஸ்பெயின் தேசத்து பார்சலோனா நகரில், கடலை ஒட்டியிருக்கும் பார்சலோனெட்டா பேட்டையில் இதுதான் பழைய காலைச் சாப்பாடு. விடியுமுன் வலை இழுத்துவிட்டு வந்தவர்களும் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்களும் பசி தாங்காமல் வந்து உட்கார்ந்த மேசைகள் இவை. ‘தபாஸ்’ என்ற ஸ்பானியச் சிறுதட்டு உணவு என்றதும் பெரிய ஓட்டல்களில் அகலத் தட்டின் நடுவே நான்கு விள்ளல் வைத்து நீட்டுவார்களே, அதை மறந்துவிட்டுத்தான் இங்கே நுழைய வேண்டும்.

பேட்டை உருவானதே வீடிழந்தவர்களால்தான். 1714-ல் பார்சலோனாவை முற்றுகையிட்டுப் பிடித்த மன்னர் ஐந்தாம் பிலிப்பின் ஆட்சி, நகரத்தை அடக்கிவைக்க ஒரு பெரிய கோட்டை எழுப்பியது. அதற்காக ரிபெரா பகுதியில் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மாற்று இடமாகக் கடலோர மணல்திட்டில் புதுக் குடியிருப்பு கட்டத் தொடங்கியது 1753-ல். மறுகுடியேற்றம் என்றால் அந்தக் காலத்து அரசாங்கத்துக்கும் அவ்வளவு வேகம்தான்! ராணுவப் பொறியாளர் கோடு போட்டதால் தெருக்கள் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடும். பிறகு மீனவர்களோடு ஆலைத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். 1855-ல் தொடங்கிய ‘லா மாகினிஸ்டா’ என்ற இயந்திரத் தொழிற்சாலை இங்கேதான் இயங்கியது. ஆள் பெருகப் பெருக, ஒரு வீட்டை இரண்டாக, நான்காகப் பிரித்தார்கள். மேலே மாடியும் ஏற்றினார்கள். இன்றும் ஒரு ‘கால் வீடு’ சுமார் 30 சதுர மீட்டர்தான், அதாவது 320 சதுர அடி சொச்சம். அதற்குள் ஒரு குடும்பம் என்றால், நாலு பேரோடு உட்கார்ந்து பேச ஒரு கடை வேண்டாமா?

அப்படியொரு கடை, பேட்டையின் சந்தைக்குப் பக்கத்தில் 1944 முதல் நடக்கும் ‘லா கோவா ஃபுமாடா’. புகை மண்டிய குகை என்று அர்த்தம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்கள் வருவார்கள் என்ற தைரியம். உள்ளே பளிங்குப் பலகை போட்ட மேசைகள், கண்ணெதிரே அடுப்பு. இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கடையைத் தொடங்கிய குடும்பத்தின் மரியா பிளா 1950களில் உருவாக்கியதுதான் ‘போம்பா’, அதாவது வெடிகுண்டு. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குக்குள் கொத்துக்கறியை வைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். நம் உருளைக்கிழங்கு போண்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த வெள்ளை விழுது. அதன் மேல் காரமான சிவப்புச் சாறு. வெளித்தோல் மொறுமொறுவென்று உடையும், உள்ளே நாக்கைச் சுடும். காரம் என்று அவர்கள் சொல்வது நமக்குக் காரமே இல்லை. ஆனால் பெயரில் காரம் உண்டு. அரசாங்கமே கூடாது என்ற அனார்க்கிஸ்ட் தொழிலாளர்களின் கோட்டையாக இருந்த ஊர் இது. 1893-ல் பணக்காரர்கள் கூடும் லிசேயு இசையரங்கில் ஒரு அனார்க்கிஸ்ட் வீசிய குண்டு வெடித்துச் சுமார் இருபது பேர் இறந்தார்கள். கையால் வீசும் அந்த உருண்டைக் குண்டுகளின் ஞாபகம்தான் பலகாரத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

போம்பாவைப் பற்றிப் பேசிவிட்டுத் தக்காளி ரொட்டியை விட்டுவிட முடியாது. வாட்டிய ரொட்டியில் தக்காளியைப் பாதியாக அறுத்து, தோல் மட்டும் கையில் மிஞ்சும்வரை தேய்க்கிறார்கள். சாறு ஊறியதும் உப்பு, ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். காய்ந்துபோன ரொட்டியைக்கூட வீணாக்காத வீட்டுச் சிக்கனம், அதைச் சுட்ட மத்தியோடு சாப்பிடும்போது ராஜபோகமாகிவிடுகிறது.

1992 ஒலிம்பிக்ஸுக்காகக் கடற்கரையை அழகுபடுத்தியபோது, மணலில் வரிசையாக இருந்த பழைய சாப்பாட்டுக் கடைகள் அகற்றப்பட்டன. அதன்பின் சுற்றுலாக் கூட்டம் வந்தது. கால் வீடுகள் பல நாள் வாடகைக்குப் போயின. 2014 ஆகஸ்டில், துணியே இல்லாமல் தெருவில் திரிந்த சில சுற்றுலாப் பயணிகளின் படம் வெளியானதும் பேட்டைக்காரர்கள் பொங்கியெழுந்து வீதிக்கு வந்தார்கள். நகரம் முழுவதிலுமுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று நகர மேயர் அறிவித்தது 2024-ல்தான். மீனவனும் தொழிலாளியும் குடியிருக்க முடியாத பேட்டையில் அவர்களுடைய சாப்பாடு மட்டும் எத்தனை நாள் நிலைக்கும்? சமைக்கிறவர்கள் கைப்பக்குவம் மாறாமல் இருக்கலாம். ஆனால் விலையையும் அளவையும் தட்டிக்கேட்கும் உள்ளூர் வாடிக்கையாளர் போய்விட்டால், கடை படிப்படியாகக் காட்சிப்பொருளாகிவிடும். கப்பல் துறையைப் பார்த்த பெரிய சாலையில், படம் போட்ட பலகையோடு ஆள் பிடிக்கும் உணவகங்கள் ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்துவிட்டன.

பார்சலோனா போகிறவர்கள் அந்தச் சாலையில் நிற்காமல் சந்தைப் பக்கம் நடந்துவிடுங்கள். மதியக் கூட்டம் சேருமுன் போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கோவா ஃபுமாடா திறக்காது. போம்பா, மத்தி, தக்காளி ரொட்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தங்குவதற்கு மட்டும் அந்தப் பேட்டைக்குள் வாடகை வீடு தேடாதீர்கள். நகரத்தில் ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை.