இரண்டு தீனி தின்னும் கார்

கார் வாங்கலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் நேயர்களே! பெட்ரோல் காரா, மின்சாரக் காரா என்று உங்கள் வீட்டில் இரண்டு கட்சி கிளம்பியிருக்கிறதா? அப்படியானால் இரண்டு கட்சிக்கும் நல்ல பிள்ளையாக மூன்றாவது கார் ஒன்று இருப்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். ‘பிளக்-இன் ஹைப்ரிட்’ என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் ஊர் இரட்டை மாட்டு வண்டியேதான் இது! ஒரு மாடு மின்சாரம் தின்னும். மற்றது பெட்ரோல் குடிக்கும். ராத்திரி வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் மாட்டிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் பாட்டரி நிறைந்துவிடும். காலையில் அந்த மின்சாரம் தீரும் வரையில், அதாவது சுமார் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை, எஞ்சினுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. பிறகு பெட்ரோல் மாடு நுகத்தைத் தோளில் வாங்கிக்கொள்ளும்.

இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா முதலியவற்றிலும் ஹைப்ரிட் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அவற்றைச் சுவரில் மாட்ட முடியாது. எஞ்சின் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பிறக்கும் மின்சாரந்தான் அவற்றுக்கு ஆகாரம். வித்தியாசம் அந்த ஒரு பிளக்கில் இருக்கிறது.

எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஜோடி சேர்க்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்து ஓட்டிவிட்டார். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தது. சுவரில் மாட்டும் ரகத்தை 2008-ல் சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது.

இருக்கட்டும். செட்டியார்பட்டியில் குடியிருக்கும் ஒருவருக்கு இது சரிப்படுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜவுளி வியாபாரமாகத் தினம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் போய்த் திரும்புகிறவர் என்று வைத்துக்கொள்வோம். போகவர 40 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் இதற்கு 2.7 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு 270 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சாரம் சுமார் 9 யூனிட் போதும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 90 ரூபாய்தான்! மூன்றில் ஒரு பங்கு. சத்தமில்லை, புகையில்லை. ஆரியங்காவுக் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் மின்சாரம் திரும்பவும் பாட்டரிக்கு வரும்.

கல்யாணத்துக்கு மதுரை போகவேண்டுமா? ஒரு வழிக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். குற்றால சீசனில் திடீரென்று குடும்பத்தோடு கிளம்ப வேண்டுமா? கவலையே இல்லை. மின்சாரம் தீர்ந்தால் பெட்ரோல் இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் இடத்தைத் தேடி நடுவழியில் விழிக்க வேண்டாம்.

“ஆஹா, நாளைக்கே வாங்கிவிடலாம்!” என்று எழுந்துவிடாதீர்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

முதலாவது, கரண்டு பில். மாதம் 25 நாள், தினம் 9 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் காருக்கு மட்டுமே ஆகும். நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் ஏறிவிடுகிறது. மின்விசிறிக்கும் கிரைண்டருக்கும் சேர்த்து அந்த ஏற்றத்தை நீங்கள்தான் கட்டவேண்டும்.

இரண்டாவது, இடம். வீட்டோடு சேர்ந்த ஷெட்டும், நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். தெருவில் காரை நிறுத்துகிறவர்கள் ஜன்னல் வழியே ஒயர் இழுத்துச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்தான காரியம்.

மூன்றாவது, பராமரிப்பு. இரண்டு மாடு என்றால் இரண்டுக்கும் வைத்தியம் பார்க்கத்தானே வேண்டும்? எஞ்சினுக்கு ஆயில் மாற்றவேண்டும். பாட்டரியும் ஒருநாள் மூப்படையும். வண்டியின் எடையும் அதிகம்.

நான்காவதுதான் பெரியது, அது நம்முடைய சோம்பல்! ‘நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்’ என்று பிளக்கை மறந்தால், கனத்த பாட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும் கார்தான் மிஞ்சும். இது கற்பனையல்ல. ஓடும் கார்களின் கணக்கை எடுத்துப் பார்த்து ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த ரகக் கார்கள் விடும் கரியமில வாயு, சோதனைச்சாலைக் கணக்கைப்போல் சராசரி 3.5 மடங்கு! எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்கள் சார்ஜ் ஏற்றாததே அதற்கு முக்கிய காரணம்.

ஐந்தாவது, விலை. 2015-ல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. ஐ8 இந்த ரகந்தான். விலை இரண்டு கோடிக்கு மேல். பின்னர் வந்தவையும் பெரும்பாலும் சீமான்களின் வாகனங்களே. வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறிய பிறகும் பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு 40 சதவீதம். முழு மின்சாரக் காருக்கோ 5 சதவீதந்தான். நமக்கு எட்டும் தூரத்தில், தூத்துக்குடியில், 2025 ஆகஸ்டில் திறந்த வின்பாஸ்ட் தொழிற்சாலையும் முழு மின்சாரக் கார்களையே தயாரிக்கிறது.

இரட்டைத் தீனியின் அருமை தெரிய வேண்டுமானால் இலங்கையைப் பாருங்கள். மிட்சுபிஷி அவுட்லாண்டர் போன்ற பிளக்-இன் கார்கள் அங்கே முன்பே இறக்குமதியாகியிருந்தன. 2022-ல் பெட்ரோலுக்கு மைல்கணக்கில் வரிசை. ஜூலையில் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லிட்டர்தான். மின்சாரமும் ஒழுங்காக இல்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டு! அந்த நாட்களில், கிடைத்ததைத் தின்று ஓடக்கூடிய வாகனத்துக்கு எத்தனை மதிப்பு என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பெட்ரோலை மட்டும் நம்பியவரும், மின்சாரத்தை மட்டும் நம்பியவரும் பட்ட பாட்டில் பாதிதான் அதன் சொந்தக்காரருக்கு.

முடிவாக என்ன செய்வது? உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஷெட்டும் பிளக்கும் உண்டா? தினசரி ஓட்டம் 50 கிலோமீட்டருக்குள் அடங்குமா? அவ்வப்போது நெடும் பயணம் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், கட்டுப்படியான விலையில் இந்தக் கார் வரும்போது தாராளமாக வாங்கலாம். நெடும் பயணமே கிடையாதென்றால் மின்சாரக் கார் மேல். ஷெட்டே இல்லையென்றால் சாதாரண ஹைப்ரிட்டோ பெட்ரோல் காரோ போதும்.

வாங்குவதற்கு முன் நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை உங்கள் சகதர்மிணியிடம் கேட்பது உத்தமம்: “தினம் ராத்திரி பிளக்கை மாட்ட இவருக்கு ஞாபகம் இருக்குமா?”